ஒரு வீடு தள்ளிய செவ்வாய்

கரம்பொன்,
10.11.1985

அன்பு மகள் மனோகரிக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீயும் மருமகனும் அப்படியே இருக்க முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

முந்தி ஒரு அறை நிறைய நின்ற கம்ப்யூட்டர் இப்போது உன் மேசையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் படிப்பின் கடைசிச் சோதனைக்காக அதற்குச் சாதகம் கணிக்கப் பழக்குகிறாயாம்! எட்டாம் வகுப்பைக் கணக்கால் இரண்டு தரம் படித்தவனுக்கு இப்படி ஒரு மகள். சங்கக்கடையில் எல்லோருக்கும் சொல்லி முடித்து வீட்டுக்கு வந்தால், "மண்ணெண்ணெய் எங்கை?" என்று அம்மா கேட்கிறா.

உன் ஐயா,
மார்க்கண்டு

லண்டன்,
04.12.1985

அன்புள்ள ஐயாவுக்கு,

நாங்கள் சுகம். இவருக்குத்தான் கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. என் புரோகிராமுக்கும் சுகமில்லை. இவருடைய சாதகம் அச்சொட்டாக வருகிறது. என்னுடையதில் செவ்வாய் மட்டும் ஆறாம் வீட்டை விட்டு ஏழில் நிற்கிறது. கலியாணத்துக்கு நீங்கள் தந்த குறிப்பிலுள்ள அதே நாள், அதே நேரம்தான் போட்டேன். வரி வரியாகத் தேடிவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோக, உள்ளே ஒரு விட்டில்பூச்சி அகப்பட்டுக் கிடந்ததாம். எடுத்து, வேலை விவரம் எழுதும் கொப்பியில் ஒட்டி வைத்தார்களாம். இப்போதும் புரோகிராமில் உள்ள பிழையைப் பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு ஒரு பூச்சியும் கிடைக்கவில்லை. நான் பிறந்தபோது எழுதுவித்த பழைய ஓலையில் என் நேரத்தைப் பார்த்து எழுதுங்கள். பெப்ரவரி கடைசியில் சோதனை.

உங்கள் அன்பு மகள்,
மனோகரி

கரம்பொன்,
29.12.1985

அன்பு மகளுக்கு,

நேரம் சரி. ஓலையைக் கறையான் தின்றுவிட்டது. மண்டையைப் போட்டு உடைக்காதே. அம்மாவின் நிறமும் என் மூளையும் உனக்கு வந்துவிட்டன, என்ன செய்ய? எனக்கும் இப்படித்தான், ஒருதரம் கூட்டினால் ஒன்று, திரும்பக் கூட்டினால் வேறொன்று. சாதகத்தை விட்டு வேறு ஏதாவது செய், பிள்ளை.

மருமகனுக்குத் தடிமன் மாறிவிட்டதா? உடனே எழுது.

ஐயா

லண்டன்,
14.01.1986

அன்புள்ள ஐயாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. இந்தப் படிப்புக்கு என் மூளை காணாது. ஒரு கிரகத்தை உரிய இடத்தில் வைக்கத் தெரியாதவள் என்ன படிப்பது? சோதனைக்கு வரவில்லை என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மாத முடிவில் கொடுத்துவிடுவேன்.

உங்கள் அன்பு மகள்,
மனோகரி

தந்தி
30.01.1986

கம்ப்யூட்டர் சரி. ஐயா பிழை. சோதனை எடு. கடிதம் வருகிறது.

கரம்பொன்,
30.01.1986

மகளே,

உனக்கு ஏழில்தான் செவ்வாய். மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்று மூன்று சம்பந்தங்கள் திரும்பிப் போயின. மருமகன் செல்வரத்தினத்தின் வீட்டார் கேட்டபோது, குறிப்பை நானே புதுத்தாளில் எழுதினேன். செவ்வாயை ஒரு வீடு தள்ளி வைத்தேன். நேரத்தையும் மாற்ற வேண்டும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. அவர்களின் சாத்திரியார் கட்டத்தை மட்டும் பார்த்துப் பொருத்தம் என்றார். ஓலை அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. கறையான் பாவம்.

உன் மெஷினுக்குள் கிடந்த விட்டில் நான்தான். மருமகன் இருமினார் என்று நீ எழுதினாலும் எனக்கு நெஞ்சு இடிக்கும். ஐந்து வருடமாகச் செவ்வாய்க்கிழமை விரதம். நான் பக்தனாகிவிட்டேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறா. மருமகனின் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவருக்குச் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம்.

ஐயா

லண்டன்,
02.03.1986

ஐயாவுக்கு,

தந்தி வந்தவுடன் அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். சோதனை எழுதினேன். இவரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு நாள் தானே சமைத்துத் தனியே சாப்பிட்டார். மூன்றாம் நாள், "அஞ்சு வருசமா உயிரோடைதானே இருக்கிறன். மாமாவை விரதத்தை விடச் சொல்லும், வயசு போன மனிசன்" என்றார்.

அவர் மன்னித்துவிட்டார். நான் இன்னும் இல்லை. செவ்வாயைத் தள்ளியதற்காக அல்ல. பிழை எங்கே என்று தெரிந்துகொண்டே, என் மூளையைக் குறை சொல்லி எழுதினீர்களே. அதை நான் நம்பினேன், ஐயா.

மனோகரி

கரம்பொன்,
25.03.1986

மகளே,

இது ஐந்தாவது தாள். முதல் நாலிலும் எங்கேயோ உன்னைச் சிரிக்கவைக்க ஒரு பகிடி வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

என்னை மன்னித்துக்கொள், பிள்ளை.

ஐயா