தையல்கடையில் அவனுக்கு வேறு பெயர்

என் கண்ணுக்கு,

நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் அங்கே அந்த இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதை எங்கே வைத்தோம் என்று தேடப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். நம் உருண்டை போய் இன்றோடு பதினேழு நாள். ஃபோனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் இதை எழுதுகிறேன், படித்துவிட்டுச் சிரிக்காதே.

அவன் போன ஐந்தாம் நாள் ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா. பின்தெருவில் தையல்கடை வைத்திருக்கிறாளாம். எங்கே மேஸ்திரி, ரொம்ப நாளா கடைப்பக்கமே காணோமே என்றாள். எந்த மேஸ்திரி என்று கேட்டேன். அதாங்க உங்க வீட்டு நாய், தினம் பதினோரு மணிக்கு வந்து நான் தைக்கிறத மேற்பார்வை பார்ப்பாரே என்றாள். செத்துப்போச்சு என்று சொன்னதும் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான்கூட அப்படி அழவில்லையடி. நான் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போன பிறகு அப்பா கதவைத் திறந்து விடுவார், ஊர் சுத்திட்டு வரட்டும் விடு என்பார். இவன் சுற்றிய ஊர் அதுதான்.

மனசு கேட்காமல் மறுநாள் அந்தக் கடைக்கே போய்ப் பார்த்தேன். மிஷினுக்குக் கீழே வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு மெத்தை, அதில் அவனுடைய முடி. வந்ததும் என் கால்மேல தலைய வச்சிப்பார், அப்புறம் மிதிக்க முடியாது, அதனால கையால காஜா எடுக்கிறது, பட்டன் தைக்கிறதெல்லாம் அந்த நேரத்துக்குன்னே ஒதுக்கி வைப்பேன் என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. நீ புத்தகப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த நாளிலிருந்து பதிமூன்று வருஷம் சோறு போட்டது நான், குளிப்பாட்டியது நான், கடைசியில் சிரிஞ்சில் மருந்து புகட்டியது நான். என் கால்மேல் ஒரு நாள் தலை வைத்திருப்பானா? வைக்க வந்தபோதெல்லாம், வேலையா இருக்கேன் போடா அந்தப் பக்கம் என்று நானே தள்ளிவிட்டிருக்கிறேனோ என்னவோ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாட்களில் லீவு போட்டு அவன் பக்கத்திலேயே இருந்தேனே, அப்போது பின்னங்காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவான். உன்னைத்தான் தேடுகிறான் என்று அப்பா ஃபோனில் சொல்ல, நீயும் அழுதாய். அவன் வந்தது தினமும் பதினோரு மணிக்கு. உன்னையும் தேடவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. பெற்ற மகளிடமே பொறாமைப்பட்டேன், போதுமா.

எங்க புதைச்சீங்க என்று அந்தம்மா கேட்டபோது, முனிசிபாலிட்டி வண்டியில கொண்டுபோயிட்டாங்க என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். நம் வீட்டுப் பின்சுவர் ஓரம் அவனை வைத்துக்கொண்டு! மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் போய், பொய் சொல்லிட்டேன், வாங்க என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் கோபப்படவில்லை. இவ்வளவு கிட்டவா இருக்கார் என்றுதான் சொன்னாள். வெயில் ஏறும்வரை அங்கேயே நின்று பேசினோம். அவன் குட்டியாக இருந்தபோது என் செருப்பைத் தின்ற கதையை நான் சொன்னேன், நூல்கண்டை உருட்டிக்கொண்டு தெருவரை போனதை அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வரட்டுமா என்றாள், சரி என்றேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. இடி இடித்தால் நான் எந்த அறையில் இருந்தாலும் தேடி வந்து என் இரண்டு காலுக்கும் நடுவில் நுழைந்து நடுங்கிக்கொண்டு நிற்பானே, அது. நான் வேலைக்குப் போயிருக்கும் பகலிலும் எத்தனையோ நாள் இடி இடித்திருக்கும். அப்போது என்ன செய்வான் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. நீ லீவில் வரும்போது துணி தைக்கக் கொடுக்க அங்கே போனால், நீயும் கேட்டுத் தொலைக்காதே.

ஈரத்தலையோடு வெளியே போகாதே. எல்லாம் நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். பதில் எழுதும்போது முதலில் என்னை விசாரி, பிறகு அவனை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா