மூலை சீட்டில் ஓர் உதிரி பாகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முட்டி வலியும் அவள் முன்கோபமும்கூட சுகமாகத்தான் இருக்கின்றன, அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டில் நலமில்லாமல் கிடந்தது வேன் ஒன்றுதான். அதைப் பற்றி உன் அம்மா போனில் உன்னிடம் ஒரு மூச்சு அழுதிருப்பாள், அந்தக் கதையில் நான் வில்லனாக வந்திருப்பேன். என் தரப்பையும் நீ கேட்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு என் வாக்கியங்களை எனக்கு முன்னால் முடித்துவிடுகிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மாப்பிள்ளை இன்டர்நெட்டில் தேடி அனுப்பியதைப் படித்தேன். இந்த மாதிரிப் பழைய வேன்கள் தகுதிச் சோதனையில் எதனால் தோற்கின்றன என்று வரிசையாகப் போட்டிருந்தது, விளக்கு, டயர், பின்பக்க பிரேக், ஸ்பிரிங், அடித்தளத்தில் துரு என்று. நம் வண்டி அதை எனக்கு முன்பே படித்துவிட்டது போலிருக்கிறது, ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு ஹெட்லைட் ரோட்டைப் பார்க்கிறது, இன்னொன்று மரத்தில் குருவிக்கூடு தேடுகிறது. வைப்பர் மழையைத் துடைப்பதில்லை, வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. ஆனால் மாப்பிள்ளை அனுப்பியதில் கடைசியாக ஒரு வரி இருந்ததே, இந்த வயது வண்டிகளில் பாதிக்கு மேல் முதல் தடவையே தேறிவிடுகின்றன, ஆகவே நம்பலாம் என்று, அதுதான் வினையாகப் போயிற்று. உன் அம்மா அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் படித்துக் காட்டினாள். மாப்பிள்ளையிடம் மரியாதையாக ஒன்று கேட்டுச் சொல். அப்படித் தேறிய வண்டிகளில் எத்தனை வண்டிக்குள் என்னைப்போல ஒரு கிழவனை உட்கார வைத்திருந்தார்கள் என்று அந்தக் கணக்கில் எங்கேயாவது போட்டிருக்கிறதா?

விஷயம் புரியும்படி சொல்கிறேன். உன் அம்மா ஆஸ்பத்திரி ஷிப்ட் ஆட்களைக் காலையிலும் மாலையிலும் ஏற்றி இறக்குகிறாளே, அந்த வேன் கொஞ்ச காலமாகப் பின்னால் இடது பக்கம் சாய்ந்தே நிற்கிறது, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. வலது பக்கக் கடைசி மூலை சீட்டுக்குக் கீழே தரை துருப்பிடித்து ஒரு ஓட்டை, என் பாதம் தாராளமாக உள்ளே போகும். இந்த இரண்டு நோய்க்கும் உன் அம்மா கண்டுபிடித்த ஒரே மருந்து நான். சோதனை நாளன்று என்னை அந்த மூலை சீட்டில் உட்கார வைத்துவிடுவாள். என் எடைக்கு வண்டி வலது பக்கம் இறங்கி நேராக நிற்கும், என் கால் இரண்டும் ஓட்டை மேல் போட்ட மிதியடியை அழுத்திக்கொண்டிருக்கும். டாக்டர் குறைக்கச் சொன்ன எடைக்கு வேறெங்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அதிகாரி யாராவது இறங்கச் சொன்னால் அவருக்கு முட்டி வலிங்க, இறங்கினா ஏற முடியாதுங்க என்று உன் அம்மா முந்திக்கொண்டு சொல்வாள். அது பொய்யுமில்லை. ஓட்டையின் அடிப்பக்கத்தில் நம் மெக்கானிக் ஒரு தகரத்தை வைத்துக் கறுப்புப் பெயின்டை அப்பியிருந்தான். அவனை உனக்குத் தெரியுமே, எதைக் காட்டினாலும் ஆயிடும் ஆயிடும் என்பான், ஊரே அவனை ஆயிடும் என்றுதான் கூப்பிடுகிறது. இத்தனை வருஷம் சோதனை செய்த பெரியவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி, டயரை ஒரு உதை உதைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நானும் மிதியடி மேல் காலை வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுப் பெரிய மனுஷன் மாதிரி அவருக்கு வணக்கம் சொல்வேன்.

உன் அம்மாவைக் கெட்டவள் என்று நினைக்காதே. மற்ற நாட்களில் அந்தச் சீட்டில் அவள் யாரையும் ஏற்றுவதில்லை, அங்கே ஸ்டெப்னியையும் தண்ணீர்க் கேனையும்தான் உட்கார வைப்பாள். இன்ஜின் தங்கம், உடம்பு கொஞ்சம் அப்படி இப்படி என்பது அவள் வாதம். ஒரு தடவைகூட வண்டி சோதனையில் தோற்றதில்லை என்பது அவள் பெருமை. மற்ற வேன் ஓட்டுகிற ஆம்பளைகள் இரண்டாம் தடவைக்கு வரிசையில் நிற்கும்போது அவர்களைக் கடந்து ஹாரன் அடித்துக்கொண்டு போவதற்காகவே அவள் சோதனைக்குப் போகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதிய பிழையெல்லாம் திருத்தி ஓய்வுபெற்றவன் நான், வீட்டு வேனில் இருந்த பிழையின் மேலேயே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பார்.

இந்தத் தடவையும் அப்படித்தான் கிளம்பினோம். சோதனை நிலைய வரிசையில் வெயிலில் நின்றிருந்தோம், உன் அம்மா நல்ல சந்தோஷத்தில் இருந்தாள், வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காத குறை. நீங்கள் வருகிற நாளன்று ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியெல்லாம் கிடையாது, நானே போய் அள்ளிக்கிட்டு வருவேன் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நீ முன்னால் அவளுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை நடுவில், பெட்டிகள் இடது பக்கம். அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, குட்டிக்கு நீங்க உக்காந்திருக்கிற சீட்டுதாங்க, ஜன்னலோரம், வேடிக்கை பார்த்துக்கிட்டே வரும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடியே, இங்க ஓட்டை இருக்கே என்றேன். அதற்கு அவள், அதுக்குக் கால் தரைக்கு எட்டவா போகுது என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, யோசித்து வைத்த பதிலாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து தகரத்தின் இடுக்கில் நுழைந்து மிதியடி வழியாக என் கணுக்காலுக்கு வரும் ரோட்டுக் காற்று வேறு மாதிரி இருந்தது. இத்தனை தடவையும் அது எனக்கு நல்ல காற்றோட்டமாகத்தான் இருந்தது.

இந்தத் தடவை பழைய பெரியவர் இல்லை, ஒரு சின்ன வயசுப் பெண் அதிகாரி வந்திருந்தாள். கையில் டார்ச்சும் குட்டிச் சுத்தியலும். பின் பிரேக் ஒரு பக்கம் சோம்பேறி என்று மெஷின் சொன்னது, ஆனாலும் எல்லைக்குள் இருக்கிறது என்றாள். ஹெட்லைட்டை ஆயிடும் காலையில்தான் திருகி நேராக்கியிருந்தான், அது அரைமணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்தது. அந்தப் பெண் அங்கங்கே சுத்தியலால் தட்டிக்கொண்டே என் மூலைக்கு வந்து, ஐயா, கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா என்றாள். உன் அம்மா பாட்டை ஆரம்பித்துவிட்டாள், முட்டி வலி, ஏற முடியாது. அந்தப் பெண்ணுக்கு இளகிய மனசு. பரவால்லம்மா, உக்காரட்டும், எங்கப்பாவுக்கும் முட்டிதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வண்டி தேறிவிட்டது என்று உன் அம்மா முகத்திலேயே எழுதியிருந்தது. நான் இறங்கினேன்.

நான் ஒன்றும் பேசவில்லை மகளே, அதை மட்டும் நீ நம்ப வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி நின்றேன், அவ்வளவுதான். என் பாரம் போனதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இடது பக்கம் சாய்ந்தது. மிதியடியின் ஒரு மூலை என் செருப்பில் மாட்டிக் கூடவே வந்துவிட்டது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், டார்ச்சை அடித்தாள், அந்தத் தகரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள், அது கழன்று கீழே விழுந்து சக்கரம் மாதிரி உருண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. அங்கே நின்ற டிரைவர் ஒருவன் அதைப் பொறுக்கி எடுத்துவந்து, அக்கா, உங்க வண்டியோடதா என்று மரியாதையாகக் கேட்டான். உன் அம்மா அவனைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

வீடு வரும்வரை அவள் என்னிடம் பேசவில்லை, ஸ்டீயரிங்கிடம் பேசினாள். கூடவே இருந்து குழி பறிக்கிறவங்களை என்ன பண்றது என்று அதைக் கேட்டாள். அப்புறம் சில நாள் சாப்பாட்டுத் தட்டு மட்டும் என் முன்னால் வந்து விழும், பேச்சு வராது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம், எம்பொண்ணு வர்ற நேரத்துல என் மானத்தை வாங்கிட்டாருடி என்று எனக்குக் கேட்கும்படி சொல்வாள். நான் பேப்பரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு படிப்பேன். தைரியமாக இறங்கியவன் மாதிரி எழுதுகிறேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். வண்டி ஓடாமல் ஷிப்ட் ஆட்கள் வேறு வேனில் ஏறிப் போவதை அவள் வாசலில் நின்று பார்த்தபோது நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

ஆயிடும் பட்டறையில் வேலையை ஆரம்பித்த அன்று அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், கூப்பிடவில்லை, கதவைத் திறந்து வைத்துவிட்டு ஹாரன் அடித்தாள். ஓட்டையை வெட்டி ஒட்டுவதற்கு முன் மூலை சீட்டைக் கழற்ற வேண்டும் என்று ஆயிடும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினான். நட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னால், வசதிக்காகச் சீட்டின் முதுகைப் பிடித்து இழுத்தான். சீட் அப்படியே கையோடு வந்துவிட்டது, போல்ட்டும் நட்டும் அதைச் சுற்றிய தரையும் சேர்ந்து, வடையைப் பிய்த்தது மாதிரி. பெல்ட்டின் அடிமுனையும் அந்தத் துண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயிடும் சீட்டை வைத்துக்கொண்டு நின்றானே தவிர, என் ஞாபகத்தில் முதல்முறையாக ஆயிடும் என்று சொல்லவில்லை. உன் அம்மா அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லிக் காட்டுவேன் என்று ஆயிடும் என் முகத்தைப் பார்த்தான், எனக்குச் சொல்ல நிறையத்தான் இருந்தது, ஆனால் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். அப்புறம் அவளே எழுந்துபோய், ஒட்டெல்லாம் வேணாம், இங்கேருந்து இதுவரைக்கும் மொத்தமா வெட்டி எடு, ஸ்பிரிங்கையும் மாத்து, எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும் என்றாள்.

முந்தாநாள் மறுசோதனை. உன் அம்மா அவள் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாம் தடவை வரிசையில் நின்றாள், அவள் முன்பு ஹாரன் அடித்துக் கடந்த ஆம்பளைகள் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்து வரவேற்றார்கள். நான் உள்ளே ஏறவே இல்லை, வெளியே நிழலில் நின்றேன். வண்டி நேராக நின்றது, என் உதவி இல்லாமல். தேறிவிட்டது. அதே பெண்தான் கையெழுத்துப் போட்டாள், என் முட்டியையும் விசாரித்தாள். அவள் போன பிறகு நான் உள்ளே ஏறி அந்த மூலை சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நான் இறங்கியதும் உன் அம்மா ஏறி ஆட்டிப் பார்த்தாள், நான் ஆட்டியதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பிறகு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, இனிமே நீங்க எந்த சீட்ல வேணா உக்காரலாங்க என்றாள். நான் முன்னால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி அண்டாமல், வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மாப்பிள்ளைக்கு என் வணக்கம், இனிமேல் அம்மாவுக்குப் பட்டியல் அனுப்பினால் கடைசி வரியை வெட்டிவிட்டு அனுப்பச் சொல். டாக்ஸி ஏதும் சொல்லி வைக்காதே, அவள் மனசு உடைந்துவிடும். குட்டிக்கு மூலை சீட், ஜன்னலோரம். ஒன்று மட்டும் மறக்காதே, குட்டி ஏறி உட்கார்ந்த பிறகு நீயும் ஒரு தடவை அந்தச் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார். உன் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இப்படிக்கு,
வேனின் முன்னாள் உதிரி பாகமான
உன் அப்பா