அடுத்த போனஸில் வாங்கவிருந்த தபேலா

நண்பா,

போன சனிக்கிழமை ஓசூர் ஷோரூமில் புது டயர் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். இந்த வாசனைக்குள் முதன்முதலில் உன்னை இழுத்து வந்தவனே நான்தானே.

என் பழைய வண்டி சூளகிரி மேட்டில் இரண்டு முறை நின்றுவிட்டது. மாற்றியே தீர வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடி. போனஸ் வந்த கையோடு போயிருந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் உனக்குப் போனஸ் வந்தபோதும் இதே வண்டிப் பேச்சுதான். உனக்குத் தபேலா மேல் ஆசை. "இன்னாடா, தபேலா மேல ஏறியா கம்பெனிக்குப் போவ?" என்று மடக்கினேன். மத்திகிரியில் ஒரே அறை, ஒரே ஷிப்ட், நாலு வருஷமாக என் வண்டியின் பின்சீட்டில்தான் நீ வந்துகொண்டிருந்தாய். "சரிலே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். தபேலாவ அடுத்த போனஸ்ல பாத்துக்கிடலாம்" என்று உன் தென்காசிப் பேச்சில் சிரித்துக்கொண்டே வண்டி எடுத்தாய்.

அடுத்த போனஸில் உன் கல்யாணம். அப்புறம் பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டு அட்வான்ஸ். போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

உன் காது எப்பேர்ப்பட்ட காது! கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் எங்களுக்கெல்லாம் இரைச்சலாகக் கேட்டது உனக்குத் தாளமாகக் கேட்டது. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டாய். "ஏனாய்த்து?" என்று சூப்பர்வைசர் கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "அடி பிந்தி விழுது சார்" என்றாய். பார்த்தால் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் டையில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. அதன்பிறகு எந்தப் புது டையையும் நீ காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் அவர் ஓட்டவிட்டார்.

ஷோரூமில் படிவத்தை நீட்டினார்கள். எனக்குக் கையெழுத்து ஓடவில்லை. வெளியே வந்து, பழைய வண்டியையே மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, தபேலா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி தபேலாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இனிமே மேட்டுல வண்டி நின்னா இத அடிச்சிக்கினே தள்ளிக்கினு வாங்க" என்றாள். அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

மறுநாள் தபேலா வகுப்பில் சேர்ந்தேன். என்னைச் சுற்றி எட்டு வயதுப் பிள்ளைகள். வாத்தியார் தட்டிக் காட்டியதை, விரல் தடுமாறினாலும் கணக்குப் பிசகாமல் தட்டினேன். "முன்னாடியே கத்துக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. பின்சீட்டில் உட்கார்ந்து தினமும் என் முதுகில் விரலால் தாளம் வாசித்துக்கொண்டு வருவாய். "கூசுதுடா, சும்மா வா" என்று திட்டுவேன். உன் நல்லதுக்காகத்தான் வண்டி வாங்கச் சொன்னேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன்னை ஏற்றிக்கொண்டு போய் எனக்கு அலுத்துப்போயிருந்தது, அதுவும் உண்மை. நீ புது வண்டியில் ஏறிய நாளோடு அந்த வாசிப்பும் நின்றுபோனது. என் முதுகு மட்டும் அதை மறக்காமல் வைத்திருக்கிறது.

வாத்தியார் பதிலுக்குக் காத்திருந்தார்.

"என் சிநேகிதன் தெனமும் வாசிச்சான் சார். நான்தான் கேக்கல."