சிக்கரி போட்ட எஸ்பிரெசோ

பௌர்ணமிக்கு மறுநாள், இரவு

கிரிவலக் கூட்டம் போய்த் தெரு அடங்கிவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரமாக, வீட்டு மெஷினில் அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரெசோ காபியில் புளிப்புதான் தூக்கலாக இருந்தது. நம் ஃபில்டர் காபியின் திடம் வரட்டும் என்று, சாயங்காலம் சிக்கரி கலந்த தூளை மிக்ஸியில் இன்னும் நைசாக ஓட்டி, அழுத்தி மெஷினில் போட்டேன். சிக்கரி ஊறிக் களியாகி அடைத்துக்கொண்டது. கப்பில் நாலு சொட்டுதான் விழுந்தது. மெஷினை அணைத்தேன். உள்ளே அழுத்தம் இருக்குமே என்று யோசிக்காமல், நம் காபி ஃபில்டரைக் கழற்றுகிற மாதிரி, தூள் இருக்கும் கைப்பிடியைத் திருகிவிட்டேன். வெடித்தது. கொதிக்கிற தூள் சுவரில் போய் அறைந்தது.

எங்கள் பாப்பா அதுவரை அந்த இடத்தில்தான் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தலை பின்ன அவள் அம்மா அப்போதுதான் உள்ளே கூப்பிட்டிருந்தாள்.

"நாளைக்கே இதைத் தூக்கிக் கடாசிடுங்க. கொழந்த இருக்கிற வீடுங்க இது," என்றாள் என் மனைவி. அழுதுகொண்டே சொன்னாள். சரி என்றேன்.

சுவரைத் தேய்த்துக் கழுவினேன். கறை போகவில்லை. பாப்பாவின் முகம் இருக்கும் உயரத்தில் அப்படியே இருக்கிறது.

இப்போது என்னை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. சுவரைத் துடைப்பதற்கு முன்னாலேயே, மனைவி பார்க்காத நேரத்தில், அந்த நாலு சொட்டை வாயில் விட்டுப் பார்த்தேன். நான் தேடிய ருசி அதுதான்.