சாத்துக்குடி என்று தட்டியிருந்தால்

அன்பு மரகதம்,

நீ போய் நாற்பது நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. யார்மேல் என்று உடனே கேட்காதே. நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இருக்கும், தெரியாததும் இருக்கும்.

ஆரணி தபால் ஆபீஸில் நான், வந்தவாசியில் நீ. உன் முகத்தைப் பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்பே உன் கையை எனக்குத் தெரியும். மோர்ஸ் தந்திக் கருவியில் புள்ளியை வெடுக்கென்று வைப்பாய், கோட்டை வேண்டுமென்றே இழுப்பாய். சாவுச் செய்தி, பிள்ளை பிறந்த செய்தி எல்லாம் போய் லைன் காலியானதும், இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழைத் தட்டுவாய்: "அக்கா, சாப்டியா?" ஒருநாள் மாட்டிக்கொண்டோம். இருவருக்கும் மெமோ வந்தது. அடுத்த நாளும் கேட்டாய்.

பிறகு கருவியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "இனிமே இது யாருக்கும் தேவைப்படாதும்மா" என்றார் கழற்ற வந்தவர். நம்மைத் தபால்தலை விற்க உட்காரவைத்தார்கள். நான் இருந்த அறையில் இப்போது ஆதார் திருத்துகிறார்கள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது.

ஓய்வுக்குப் பிறகு நீ ஆரணிக்கே வந்தாய், பட்டுப்புடவை வியாபாரம் செய்யும் உன் மகன் சேகர் வீட்டுக்கு. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அந்த ஆறு வருடம் நாம் வாயால்தான் பேசினோம். விரலுக்கு வேலையே இல்லை.

உனக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் நாள்தான் எனக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். வாய் கோணிக் கிடந்தது. வலப்பக்கம் அசைவில்லை. நன்றாக இருந்த இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள்.

"ஏம்மா கட்டி வெச்சிருக்கீங்க?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"கம்பிய தட்டிகினே இருக்காங்கம்மா, நைட்டு பகல் இல்லாம. ட்யூப் கழண்டுடும்னு கட்டிட்டோம்."

தட்டிக்கொண்டே இருந்தாயா? மூன்று நாளாகவா? அந்த வார்டில் ஆளுக்கொரு போன் இருந்தது. எல்லாரும் யாருக்கோ ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நீ அனுப்பியதை வாங்க ஒருவர் இல்லை.

கட்டை அவிழ்த்து உன் விரலை என் உள்ளங்கையில் வைத்தேன். புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு ஒரு இழுப்பு. முதலில் "அக்கா" என்றாய். அடுத்து "கால்". மறுபடி "கால்". பிறகு "எரி".

"சேகரு, அம்மா கால் எரியுதுன்னு சொல்றாப்பா" என்றேன்.

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் சின்ன வயசு. "அது ஜெர்க்குங்கம்மா. நரம்பு தானா துடிக்குது. அதுல அர்த்தம் எதுவும் இல்ல" என்றார்.

"முப்பது வருஷம் இதைத்தான் படிச்சேன். எனக்குத் தெரியாதா?"

"பெரியம்மா, நானே நொந்துபோய் கெடக்கறேன். நீங்க வேற பேஜார் பண்ணாதீங்க" என்றான் சேகர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் வெளிய போறேன். அவகிட்ட ஏதாவது ஒண்ணைக் காட்டு. என்னன்னு அவ எனக்குச் சொல்லுவா. அப்பவாவது நம்புவீங்களா?" என்றேன். டாக்டர்கூட, சரி பார்க்கலாம் என்றார்.

வராந்தாவில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். கையை நீட்டினேன். நீ தட்டினாய்: "கால்."

"மரகதம், அவன் காட்டுனதைச் சொல்லுடி" என்று கெஞ்சினேன். "கால்" என்றாய்.

சேகர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்துக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் என் தோளைத் தொட்டு, "வருத்தப்படாதீங்கம்மா, பாசம் இருந்தா அப்படித்தான் தோணும்" என்றார். அதற்கு அவர் சிரித்தே இருக்கலாம்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஆமாம், உன்மேல்தான். ஒரு வார்த்தை, சாத்துக்குடி என்று தட்டியிருந்தால் என்ன? கால் எரிகிறவளுக்குச் சாத்துக்குடி எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் கிளம்பினேன். உன் விரல் மறுபடி என் கையில் அசைந்தது. இங்கிலீஷில் பி என்று ஒரு எழுத்து, ஓ என்று ஒரு எழுத்து. மூன்றாவது எழுத்து வருவதற்குள் கையை உருவிக்கொண்டேன்.

நான்கு நாள் வரவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு, பிகு பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் விரிப்பு மாற்றும்போது நர்ஸ் உன் இடது காலைப் பார்த்திருக்கிறாள். முழங்கால்வரை கறுத்துச் சில்லிட்டிருந்ததாம். ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்றார்கள். வேலூருக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்தார்கள். இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

டாக்டரைத் திட்டலாம். சேகரைத் திட்டலாம். வேண்டிய மட்டும் திட்டித் தீர்த்தேன். ஆனால் மரகதம், நீ சொன்னதை நம்பிய ஒரே ஆள் நான்தானே? அந்தப் போர்வையை நான் ஏன் விலக்கிப் பார்க்கவில்லை? எழுத்தைப் படித்தேன், அதை நிரூபிக்க வாதாடினேன். காலைப் பார்க்கத் தோன்றவில்லையே.

கருமாதி முடிந்த மறுநாள் சேகர் என் வீட்டுக்கு வந்தான். தாடியும் வீங்கிய கண்ணுமாய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பெரியம்மா, அன்னிக்கு அம்மா வேற எதுனா சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

பொய். அந்த இரண்டு எழுத்தை அன்றிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். "போர்வை" என்று சொல்ல வந்தாயா? "போகாதே" என்றா? இல்லை, நம்பிக்கை விட்டுப்போய் "போ" என்று அதோடு முடித்துவிட்டாயா? மூன்றாவது எழுத்துக்கு நான் நிற்கவில்லை. இனி யாரைக் கேட்பேன்?

சேகர் தினமும் தன்னையே திட்டிக்கொண்டு திரிகிறானாம். பாரம் முழுக்க அவன் தலையில் இருக்கிறது, நானும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நாளைக் காலை அவன் கடை திறப்பதற்குள் போய் நிற்பேன். கையை உருவிக்கொண்டு வந்ததைச் சொல்வேன், போர்வையைத் தொடாததையும் சொல்வேன். அவன் என்ன பேசினாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அக்கா,
லோகநாயகி
ஆரணி