மண்ணைத் தொட்டு வெட்டுகிறவர்கள்

இன்று காலை, தேயிலைச் செடியின் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும்போது ஈர இரும்பின் வாசனை எழுந்தது. உடனே நீ வந்துவிட்டாய் மச்சான், வயிற்றைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் வழிய. தேயிலையை வெட்டும் இதே மாதிரிக் கத்திதான் உன்மேல் இறங்கியது. தீட்டாமல் பிழைப்பு இல்லை. அதனால் தினமும் உன்னைப் பார்க்கிறேன்.

கொட்டகலைக் கடைவீதியில் நாம் வீடியோ கேம் விளையாடிய நாட்களில் ரத்தம் நமக்கு வேடிக்கை. அந்த கேமின் முதல் பாகத்தில் கழுகு வம்சத்தான் மலைக்கோட்டையைக் கொளுத்தித் தலைகளை வேலியில் குத்திவைப்பான். மூன்றாம் பாகத்தில், ஏதோ ஒரு பச்சைப் பள்ளத்தாக்கில், கரடி வம்சத்தானும் அதையே செய்வான். இரண்டு கதைக்கும் தொடர்பே கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். நீ விடமாட்டாய்.

"நல்லாப் பாருடா. வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் மண்ணத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறானுங்க. நம்ம கவ்வாத்துக்காரங்க மாதிரி. ஒரே ஆத்தா வயித்துல வந்தவனுங்கதான்."

"அப்பறம் ஏன் வெட்டிக்கிறானுங்க?"

"மேக்கணக்கு நாமளும் கீக்கணக்கு அவனுங்களும் ஏன் அடிச்சுக்கிறோம்? ஒரே தோட்டத்த ரெண்டு கணக்காப் பிரிச்சது தொரை. மண்டை ஒடையிறது நமக்கு."

முதல் பாகத்தில் எரிந்த கோட்டை இருந்த இடம்தான் மூன்றாம் பாகத்துப் பள்ளத்தாக்கு என்றும் சொன்னாய். "தொரை மாறுனா தோட்டத்துப் பேரும் மாறும்ல." நான் சிரித்தேன். நீ கன்ட்ரோலரை என் முகத்தில் எறிந்தாய். புருவத்தில் தையல் போடும்போதுகூட மன்னிப்புக் கேட்காமல் வம்சாவளி பேசியவன் நீ.

போன திருவிழாவில் எந்தக் கணக்கின் காவடி முன்னால் போவது என்று சண்டை மூண்டது. விலக்கப் போன உன்னைக் கீழ்க்கணக்குக்காரன் ஒருவன் குத்தினான்; நீ பிழைக்கவில்லை. நாங்கள் அவனைப் பிடித்து மிதித்தோம். அவன் பல் உதிர்ந்தது எனக்கு இன்றும் திருப்திதான். அவன் சிறைக்குப் போனான். அவன் தம்பி வெளியே இருக்கிறான். "அண்ணன் இல்லாட்டி தம்பி" என்று நம் பையன்கள் சொன்னபோது நான் தலையாட்டினேன்.

போன வாரம் நாலாம் பாகத்தை முடித்தேன். கழுகுக்கும் கரடிக்கும் தாய் ஒருத்தியேதான். பள்ளத்தாக்குக்கு அடியில் எரிந்த கோட்டையின் கற்கள் கிடக்கின்றன. நீ சொன்ன அத்தனையும் சரி. உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். அழுகை வரவில்லை, யாரையாவது அடித்து நொறுக்க வேண்டும்போல இருந்தது.

இன்று எல்லை மலையில் இரண்டு கணக்கு ஆட்களுக்கும் சேர்த்துக் கவ்வாத்து. என் பக்கத்து நிரையில் உன்னைக் குத்தியவனின் தம்பி. குனிந்த கழுத்து என் கத்திக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பையன்கள் என்னையே பார்த்தார்கள். பிடியை இறுக்கிக் கையை உயர்த்திவிட்டேன்.

அவன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். திரும்பி, "ஆரம்பிப்போமாண்ணே?" என்றான்.

என் கை தானாக மண்ணுக்கு இறங்கியது. தொட்டேன். ஒற்றிக்கொண்டேன். பிறகு செடியை வெட்டினேன்.

உன்னைக் குத்தியவனை நான் மன்னிக்கவில்லை. நாளைக்கும் அந்தத் தம்பி என் பக்கத்து நிரையில்தான் நிற்பான். என் கை மண்ணுக்கு இறங்க, நாளைக்கும் நீ வந்துவிடு மச்சான்.