காற்று எந்தப் பக்கம்

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நோட்டு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஷட்டர் பட்டறையில் இரும்பைக் கோடு பிசகாமல் பற்றவைத்த கைதான் இது. பேனாவைப் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது. ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதியதைத் திரும்பப் படித்தால், நான் நினைத்ததையே அது எனக்குச் சொல்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு விளையாட்டுச் சாமான் கிடைக்கும் என்று யார் கண்டது? மருமகள் நன்றாக இருக்க வேண்டும். அவள்தான் மழைக்காலம் முழுக்க என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

நோட்டு வாங்கியது மச்சானுக்காக. என் மனைவியின் அண்ணன். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பட்டறையிலும் பக்கத்து மேஜை, சைக்கிளிலும் எனக்குப் பின்னால். கோடை வந்தால் ஞாயிறு தவறாமல் நீர்த்தேக்கம் வரை போய்வருவோம். போன மாதம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. இந்த வருடம் சைக்கிள் ஓட்டக் கூடாது, தெருமுனை வரை நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ போய்ட்டு வந்து சொல்லு மாப்ள. வாயால சொன்னா அளப்ப. எழுதிக் கொண்டாந்து படி," என்றார்.

இன்று போனோம். நான், டைலரம்மா, ஓய்வுபெற்ற தபால்காரர், மருந்துக்கடைக்காரர். போகும்போது எதிர்காற்று, முகத்தில் அடுப்பைத் திறந்துவைத்த மாதிரி. வரும்போதாவது பின்னால் இருந்து தள்ளும் என்று பார்த்தால், பாவி திரும்பி நின்றுகொண்டு மறுபடியும் முகத்திலேயே அடித்தது. ஏற்றத்தின் உச்சியில் ஒரு பலகை உண்டு. அது மலையின் உயரத்தைச் சொல்கிறது என்று இத்தனை வருடமும் நினைத்து, அதைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். இன்று நின்று படித்தேன். 'இங்கே குப்பை கொட்டாதீர்.'

சாயங்காலம் இதைப் படித்துக் காட்டினேன். மச்சான் தையல் போட்ட இடத்தைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு சிரித்தார்.

ஏப்ரல் 8

முழங்கால் வலி. இதை அவருக்குப் படிக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்தான் அவருடையது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வெயில். தார் ரோடு டயரில் ஒட்டி நச் நச் என்று சத்தம் போட்டது. தண்ணீர் தீர்ந்து, தபால்காரர் தன் பாட்டிலில் பாதியைக் கொடுத்தார். அது டீயை விடச் சூடு. ஏற்றத்தில் கொஞ்சதூரம் இறங்கித் தள்ளினேன். எழுதும்போது அதை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விடவில்லை.

படித்தபோது மச்சான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கால் மட்டும் போர்வைக்குள் மெல்ல அசைந்தது. ஏற்றம் வந்ததும் நின்றுவிட்டது. "இறங்கிட்டியா," என்றார். நான் இன்னும் அந்த வரிக்கே வரவில்லை.

ஏப்ரல் 28

உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கிறது. நேற்றும் போனேன். முன்பெல்லாம் போய்வந்தால் அசதி ஒரு தூக்கத்தில் போய்விடும். இப்போது அடுத்த ஞாயிறு வரைக்கும் கூடவே குடியிருக்கிறது.

மனைவி கேட்டாள். "யாருக்காக இப்படி உயிரை விடுறீங்க?"

"உங்கண்ணனுக்காகத்தான்."

"அவரு உங்களை வெயில்ல காயச் சொன்னாரா?"

சொல்லவில்லைதான். ஆனால் மனிதர் வாரம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ஞாயிறு சாயங்காலம் நான் படிக்கும்போதுதான் வெளியே வருகிறார். நான் நிறுத்தினால் அவருக்கு ரோடே இல்லாமல் போகும்.

மே 10, சனி

முழங்கால் வீங்கியிருக்கிறது. மடக்க முடியவில்லை. நாளைக்கு என்ன செய்ய?

மே 11, ஞாயிறு

இன்று அருமையான பயணம். அதிகாலையிலேயே கிளம்பிவிட்டோம். மேகம் போட்டிருந்ததால் வெயில் தெரியவில்லை. போகும்போது காற்று பின்னால் இருந்து மெல்லத் தள்ளியது. ஏற்றம் சுலபமாக ஏறிவிட்டேன். நீர்த்தேக்கத்தில் கால் நனைத்தோம். வரும்போதும் காற்று சாதகமாகவே இருந்தது. களைப்பே இல்லை.

மே 12

நேற்று எழுதியதில் ஒரு வரிகூட உண்மையில்லை.

நேற்றுக் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியது மட்டும் நிஜம். ஜன்னலில் மச்சான் கை காட்டினார், மணி அடித்துவிட்டுப் போனேன். பாலத்தடி டீக்கடை வரைதான் போனேன். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு பெஞ்சில் சாய்ந்தவன், அவர்கள் திரும்பி வந்து எழுப்பும் வரை தூங்கியிருக்கிறேன். "எப்படி இருந்துச்சு?" என்று டைலரம்மாவைக் கேட்டேன். "எழுதுறதுக்கா? நீங்களே நல்லாக் கனவு கண்டிருப்பீங்க, அதை எழுதுங்க," என்றார்.

எழுதினேன். போய்ப் படித்தேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கால் அசையவே இல்லை.

"காத்து எந்தப் பக்கம்னு படிச்ச?"

"பின்னாடி, மச்சான்."

"வரும்போது?"

"அப்பவும் பின்னாடிதான்."

கண்ணைத் திறந்தார். "எங்க உக்காந்திருந்த?"

நோட்டை மூடினேன்.

"மாப்ள, நீயும் நானும் எத்தனை தடவை போயிருக்கோம். ஒரு நாளாவது காத்தைத் திட்டாம வந்திருக்கமா? நிஜமாப் போனவனுக்குப் போகும்போதும் எதிர்காத்து, வரும்போதும் எதிர்காத்து. நீ என்னடான்னா பல்லக்குல போய்ட்டு வந்தவன் மாதிரி படிக்கிற."

பாலத்தடி என்றேன். முழங்காலைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார்.

"எனக்காகவா இதை வச்சுக்கிட்டு மிதிச்ச?"

"வேற யாருக்காக?"

"நல்லா இருக்கு போ. நீ படிச்சிட்டுப் போனா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. காலு கிடந்து துடிக்குது. போதும்னு சொல்லலாம்னு வாரா வாரம் நினைப்பேன். சொன்னா நீ சைக்கிளையும் விட்டுருவ, பேனாவையும் விட்டுருவன்னு வாய மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

இரண்டு கிழவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவு வெயில் வீணாய்ப் போயிற்று. அவருக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. மனைவி உள்ளேயிருந்து வந்து, "அண்ணே, தையல்," என்று அதட்டினாள்.

மே 16

மருந்துக்கடைக்காரர் களிம்பு கொடுத்துவிட்டார். வீக்கம் பரவாயில்லை. அசதி அப்படியே இருக்கிறது. மச்சானின் சைக்கிளுக்குக் காற்று அடித்துவைத்தேன். அவர்தான் அடிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டால், "ஓட்டக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. தள்ளக் கூடாதுன்னு சொல்லலையே."

மே 18, ஞாயிறு

வெயில் ஏறும் முன்பே கிளம்பினோம். அவர் சைக்கிளை அவர் தள்ளினார், என் சைக்கிளை நான். வழக்கப்படி நான் முன்னால். தண்ணீர் பாட்டில், பம்ப், தலைக்குத் துண்டு எல்லாம் நீர்த்தேக்கத்துக்குப் போவது போலவே. மனைவி வாசலில் நின்று, "ராத்திரிக்குள்ள வந்துருவீங்களா?" என்று கேட்டாள்.

தெருமுனை வரை. பாதியில் ஒரு முறை நின்றோம். எனக்கு முழங்கால், அவருக்கு மூச்சு. முனையில் உள்ள மஞ்சள் பலகையை நான் படித்துக் காட்டினேன். 'மெதுவாகச் செல்லவும்.' "நமக்குன்னே வச்சிருக்கான்," என்றார். இரண்டு பேரும் பெல் அடித்துவிட்டுத் திரும்பினோம்.

இந்தப் பக்கத்தை இப்போது அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கை வலிக்கிறது. இரண்டு பேருக்கும் கண் சொருகுகிறது. கடைசி வரியை நானே சொல்கிறேன் என்கிறார்.

"எழுது மாப்ள. போகும்போது எதிர்காத்து. வரும்போதும் எதிர்காத்து."

எழுதிவிட்டேன். முடிந்தால் அடுத்த ஞாயிறு முனையைத் தாண்டி பால் பூத் வரைக்கும் என்கிறார். அங்கே காற்று என்ன அநியாயம் செய்தது என்பதை வந்து எழுதுகிறேன்.